காற்றில் 0.04 சதவீதமே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பூமியை எப்படிச் சூடாக்க முடியும்?

யாரோ உங்களிடம் இதைக் கேட்டு மடக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். "பத்தாயிரத்தில் நான்கு பங்கு, அது என்ன செய்துவிடும்?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டால், கூடியிருப்பவர்களுக்கு அவர் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றும். என்னிடமும் இதே கேள்வி வந்தது. கேட்டவள் சிரிக்கவில்லை. அவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி, நான் அவளுடைய அறிவியல் ஆசிரியர்.

செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, "வெயில் உள்ளே வரும், வெப்பம் வெளியே போகாது, காற்றிலுள்ள சில வாயுக்கள் இந்தக் கண்ணாடியைப் போல" என்று பாடத்தை முடித்திருந்தேன். அவள் எழுந்தாள். "சார், கண்ணாடி மூடியிருக்கிறது. வானம் திறந்துதானே இருக்கிறது? அந்த வாயுவும் 0.04 சதவீதம்தான் என்று போன பாடத்தில் படித்தோமே?" மணியடிக்க நான்கு நிமிடம் இருந்தது. "தேர்வுக்கு இவ்வளவு போதும், உட்கார்" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். எனக்கே பதில் தெரியாது என்பதுதான் உண்மை. அந்த "உட்கார்" இன்றும் என்னை உறுத்துகிறது.

அடுத்த மூன்று வாரம் தேடித் தேடிப் படித்தேன். முதலில் தெரிந்தது, அவளுடைய முதல் கேள்வியே சரி என்பது. கண்ணாடி வீடு சூடாவதற்கு முக்கியக் காரணம், சூடேறிய காற்று மேலே போகாதபடி கூரை தடுப்பது. பூமிக்குக் கூரை கிடையாது. இங்கே நடப்பது கதிர்வீச்சின் வேலை. 'பசுமை இல்ல விளைவு', அதாவது கண்ணாடி வீட்டு விளைவு, என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

     

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மூன்று வாரம் கழித்து இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் ஒவ்வொரு லிட்டர் தண்ணீர் எடுத்துப்போனேன். எங்கள் சொட்டுக்குழாயில் இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர். அப்படியென்றால் லிட்டருக்கு 0.04 சதவீதம் என்பது எட்டே சொட்டு. அவளையே கூப்பிட்டு ஒரு பாட்டிலில் எட்டுச் சொட்டு நீல மை விடச் சொன்னேன். மை நூல்நூலாக இறங்கியது. கலக்கியதும் தண்ணீர் முழுவதும் நீலமானது. "மைக்கு நிறம் இருக்கிறது சார். அந்த வாயுவுக்கு இல்லையே" என்றாள்.

இந்த முறை உட்காரச் சொல்லவில்லை. நம் கண்ணுக்குத்தான் அதற்கு நிறமில்லை. வெயிலில் சூடேறும் தரை அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராகத் திருப்பி அனுப்புகிறது. உலர்ந்த காற்றில் 99.9 சதவீதமாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஆர்கானும் அதை அநேகமாக அப்படியே போகவிடுகின்றன. மூன்று அணுக்கள் கொண்ட கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறோ, வளைந்து அதிர்ந்து 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கதிர்களை விழுங்கிவிடுகிறது. பூமி வலுவாக வீசும் பகுதியில்தான் அந்த அலைநீளம் இருக்கிறது. அகச்சிவப்பைக் காணும் கண் நமக்கு இருந்தால் அந்த வாயுவும் மைதான். நீராவியும் இதே வேலையைச் செய்கிறது, இன்னும் அதிகமாகவே. இவை இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்குப் பதிலாக மைனஸ் 18 அளவில் இருந்திருக்கும்.

இது நேற்று முளைத்த கதை என்பவர்களுக்கு: 1856இல் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி, இந்த வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் அதிகம் சூடேறி மெதுவாக ஆறுவதைக் கண்டு எழுதினார். 1859இல் இயற்பியலாளர் ஜான் டிண்டால் எந்தெந்த வாயுக்கள் வெப்பக் கதிரை உறிஞ்சுகின்றன என்று அளந்தார். 1896இல் ஸ்வீடன் விஞ்ஞானி அர்ரேனியஸ், இந்த வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்கே போட்டுவிட்டார்.

"மை உவமை அரைகுறை, வாயு ஏற்கெனவே உறிஞ்ச வேண்டியதை உறிஞ்சிவிட்டது, கூடினால் என்ன?" என்று கீழே எழுத வருவார்கள். உவமை உவமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாயு கூடக்கூட, விண்வெளிக்கு வெப்பம் தப்பிக்கும் இடம் இன்னும் உயரமான, இன்னும் குளிர்ந்த அடுக்குக்கு நகர்கிறது. குளிர்ந்த இடத்திலிருந்து குறைவாகத்தான் வெளியேறும். வரவு அதே, செலவு குறைவு. அதனால் கீழே சூடேறுகிறது.

அன்று அவள் அடுத்துக் கேட்டது, "முன்பு எத்தனை சொட்டு சார்?" தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு. அதாவது ஐந்தரைச் சொட்டு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இரண்டாவது பாட்டிலில் ஐந்து சொட்டு விட்டு, ஆறாவதை விடலாமா என்று என்னைப் பார்த்தாள். இரண்டையும் சன்னலோரம் அடுத்தடுத்து வைத்தோம். வித்தியாசம் கடைசி வரிசைக்கும் தெரிந்தது.

"கூடின சொட்டு நம்முடையது என்று எப்படித் தெரியும்?" என்றாள். நிலக்கரியும் பெட்ரோலியமும் பல கோடி ஆண்டுகள் புதைந்து கிடந்தவை, அவற்றில் கார்பன்-14 (காலப்போக்கில் தானே சிதையும் கதிரியக்கக் கார்பன்) மிச்சமில்லாமல் போயிருக்கும். அவற்றை எரித்தால் காற்றிலுள்ள கார்பன்-14இன் விகிதம் நீர்த்துப்போக வேண்டும். 1955இல் வேதியியலாளர் ஹான்ஸ் சூயஸ், காற்றிலிருந்து கார்பனை எடுத்து வளரும் மரங்களின் கட்டைகளில் அந்தக் குறைவைக் கண்டு வெளியிட்டார்.