உழவர் கேள்வி – பதில்

கேள்வி: மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் கிடந்த சட்டிக் கலப்பையில் துரு ஏறிவிட்டது. உழும்போது மண் அப்பிக்கொள்கிறது. பெயின்ட் அடித்து வைக்கலாமா?
– ஒரு வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: சட்டியின், அதாவது மண்ணைப் புரட்டும் வட்டத் தகட்டின், உழும் பரப்பில் பெயின்ட் வேண்டாம். முதல் சாலிலேயே அரைகுறையாக உரிந்து, மண் இன்னும் ஒட்டும். பெயின்ட் கலப்பையின் இரும்புச் சட்டத்துக்கு மட்டும்தான்.

கடைசி உழவு முடிந்த அன்றே கழுவிவிடுங்கள். ஒட்டிய மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதில் உரம் கலந்திருந்தால் துரு இன்னும் வேகமாக ஏறும். கடலூர்ப் பக்கம் உப்புக்காற்று வேறு. வெயிலில் நன்றாகக் காயவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டீசல் துணியால் துடையுங்கள். பிறகு கிரீஸில் கொஞ்சம் டீசல் விட்டுக் குழைத்து, இரண்டு பக்கமும் பூசுங்கள். மூன்று சட்டிக்குக் கால் கிலோ கிரீஸ் போதும். ஈரத்தின் மேல் பூசினால் அடியிலேயே துரு பிடிக்கும். பலர் தவறுவது இங்கேதான். பழைய இன்ஜின் ஆயில் இலவசம்தான், ஆனால் அதிலுள்ள அமிலமும் உலோகத்தூளும் கடைசியில் உங்கள் மண்ணுக்குத்தான் போகும்.

கழுவிய பின் பேரிங்குகளுக்கும் கிரீஸ் அடியுங்கள், புகுந்த தண்ணீர் வெளியேறட்டும். கலப்பையைப் பலகை மேல் நிறுத்துங்கள். தார்ப்பாயால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்க்கும். மாதம் ஒருமுறை பார்த்து, தேய்ந்த இடத்தில் மறுபடி பூசுங்கள்.

இப்போது ஏறியிருக்கும் துருவைத் தேய்த்தெடுத்துவிட்டு, முதலில் மணற்பாங்கான கொல்லையில் ஓட்டுங்கள். மணலே சட்டியைப் பளபளப்பாக்கிவிடும். ஆழமாகக் குழி விழுந்திருந்தால் மட்டும் சட்டியை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.