வண்ணங்களுக்கு முன்னால்

அன்புள்ள ஐயா,

2008ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பற்றிய உங்கள் கட்டுரையை வகுப்பில் வாசித்தேன். ஜெல்லிமீனில் பச்சையாக ஒளிரும் புரதத்தைக் கண்டெடுத்தவர் ஷிமோமுரா, அதை வேறு உயிர்களில் ஒளிரவைத்தவர் சால்ஃபி. அப்படியானால் பரிசைப் பகிர்ந்த மூன்றாமவர் ரோஜர் சியென் வண்ணங்களைத்தானே கூட்டினார் என்று ஒரு மாணவி கேட்டாள். என்ன சொல்வது?

ஒரு வேதியியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

சியெனின் கதையை நோபலிலிருந்து தொடங்கியது என் பிழை. பச்சைப் புரதத்தைத் தொடுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, கேம்பிரிட்ஜில், அவர் கால்சியத்தின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். தசை சுருங்குவதற்கும் நரம்புமுனை செய்தி கடத்துவதற்கும் செல்லுக்குள் கால்சியம் ஏற வேண்டும். ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் அது வெளியே இருப்பதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதைக் கவ்வியதும் ஒளிர்வு மாறும் சாயங்களை அவரே வடிவமைத்தார். கவ்வுவதற்கு எதிர்மின்சுமை கொண்ட நான்கு கைகள் தேவை. ஆனால் மின்சுமையோடு வரும் மூலக்கூறைச் செல்லின் கொழுப்புச் சவ்வு உள்ளே விடாது. ஊசியால் குத்திச் செலுத்தினால் சிறிய செல்கள் பெரும்பாலும் தாங்காது.

1981இல் அவர் வெளியிட்ட வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. நான்கு கைகளுக்கும் எஸ்டர் உறை மாட்டிவிட்டார். மின்சுமை மறைந்தது, சாயம் தானாகவே சவ்வைக் கடந்தது. உள்ளே போனதும் செல்லின் சொந்த நொதிகளே உறைகளைக் கழற்றின. கைகள் மறுபடி விரிந்தன, இனி வெளியேற வழியில்லை. குத்தலும் கிழிசலும் இல்லாமல், உயிருள்ள செல்லுக்குள் சாயம் சேர்ந்துகொண்டே போனது. பாடத்தில் வரும் அதே எஸ்டர் நீராற்பகுத்தல்தான் இது. கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள்!

வண்ணங்களும் அழகுக்காக வந்தவையல்ல. 1995இல் பச்சைப் புரதத்தின் 65ஆம் இடத்தில் இருந்த செரின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துவிட்டுத் திரியோனின் என்ற இன்னொன்றை வைத்து, அதன் ஒளியைப் பெருக்கினார். வேறு மாற்றங்களால் நீலமும் மஞ்சளும் வந்தன. 1997இல் நீலப்பச்சைப் புரதத்தையும் மஞ்சள் புரதத்தையும், கால்சியத்தைப் பிடிக்கும் கால்மோடுலின் என்ற புரதத்தை நடுவில் வைத்துக் கோத்தார். கால்சியம் ஒட்டியதும் நடுப்பகுதி மடங்குகிறது, இரு முனைகளும் நெருங்குகின்றன, நீலப்பச்சை மங்கி மஞ்சள் ஏறுகிறது. இதற்கு உறையே தேவையில்லை. மரபணுவைக் கொடுத்துவிட்டால் செல் அந்தக் கருவியைத் தானே செய்துகொள்ளும். வண்ணங்களைக் கையில் எடுத்த பிறகும் அவர் தேடிக்கொண்டிருந்தது அதே கால்சியத்தைத்தான் என்று அந்த மாணவியிடம் சொல்லுங்கள்.