கிராபிக் டிசைன் படிப்பு: கேள்வி பதில்

பிளஸ் டூ முடிக்கிறேன். கிராபிக் டிசைன் படிக்க ஆசை. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேர்ந்தால் போதுமா? (மாணவி, சேலம்)

சேருவதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். கலை அறிவியல் கல்லூரிகளின் மூன்றாண்டு பி.எஸ்சி. விஸ்காமில் கேமரா, ஊடகம், விளம்பரம் ஆகியவற்றுக்கே பெரும்பங்கு. உங்களுக்கு வேண்டியது பி.எஃப்.ஏ. என்னும் நான்காண்டு கவின்கலைப் பட்டம். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. ஓவியம், சிற்பத்தோடு விஷுவல் கம்யூனிகேஷன் டிசைனும் அங்கே ஒரு துறை.

மகன் கணினியில் கெட்டிக்காரன். படம் வரைய வராது. சேர்க்கலாமா? (தந்தை, திருச்சி)

சேர்க்கையின்போதே வரையச் சொல்வார்கள் ஐயா. அச்சு அசலாக வரைய வேண்டியதில்லை, பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு நாற்காலியைக் காட்டி, கால்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை மட்டும் வரையச் சொல்லுங்கள். அதில் அவனுக்கு ஆர்வம் பிறந்தால் தாராளமாகச் சேர்க்கலாம்.

ஃபோட்டோஷாப்பை ஆறு மாதத்தில் கற்றுத் தருகிறார்கள். நான்கு வருடம் எதற்கு?

மென்பொருளுக்கு ஆறு மாதமே அதிகம். வருடக்கணக்கில் பிடிப்பது எழுத்து. தெருவில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளைப் பாருங்கள். தலைப்பு அகலமாகத் தெரிய எழுத்து இடைவெளியைக் கூட்டியிருப்பார்கள். 'கொ' மூன்று துண்டாகக் கிடக்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியைத் தமிழுக்கும் வைத்தால், மேல்வரி 'ழு'வின் அடி கீழ்வரி 'கீ'யின் சுழியில் போய் இடிக்கும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டினால், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இவற்றைத் திருத்தக் கட்டளைகள் உண்டு. ஆனால் தவறு கண்ணில் பட்டால்தானே திருத்துவது? கையால் எழுத்து வரைந்து பழகியவனுக்குத்தான் அது உடனே உறுத்தும். 2010இல் ஏற்கப்பட்ட ரூபாய்ச் சின்னத்தை வடிவமைத்த உதயகுமார், பம்பாய் ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்ததும் தமிழ் அச்செழுத்தைத்தான்.

ஐ.ஐ.டி.யிலும் டிசைன் இருக்கிறதாமே?

இருக்கிறது. பி.டெஸ். என்னும் வடிவமைப்புப் பட்டப் படிப்புக்கு யூசீட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதிலும் வரைதல் பகுதி உண்டு. கட்டணத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவே படம் போட்டுத் தரும்போது வேலை கிடைக்குமா?

அவசரத்துக்குச் செய்யும் விசிட்டிங் கார்டு, பிறந்தநாள் பேனர் வேலைகள் குறையும். அதற்காக நான் அழப்போவதில்லை. அச்சகத்துக்குப் போகும் புத்தகமோ மருந்து அட்டையோ வேறு கதை. அச்சளவில் படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கிறதா, திரையின் நிறங்கள் சிஎம்ஒய்கே என்னும் நான்கு அச்சு மைகளுக்கு மாறினால் என்ன ஆகும், தாளை வெட்டும்போது போக ஓரத்தில் 3 மி.மீ. கூடுதலாக விட்டிருக்கிறதா, எத்தனை மாத்திரை என்பதைப் பாட்டியால் படிக்க முடிகிறதா என்று ஒருவர் பார்த்துப் பொறுப்பேற்க வேண்டும். அந்த ஒருவருக்குச் சம்பளம் உண்டு.

எந்த மடிக்கணினி வாங்கலாம்?

முதலாண்டில் எதுவும் வேண்டாம் தம்பி. 4பி பென்சில், இரும்பு அளவுகோல், கட்டர், நியூஸ்பிரிண்ட் தாள்கட்டு போதும். இரண்டாம் ஆண்டில் 16 ஜிபி ரேம் உள்ளதாக வாங்குங்கள். ஆப்பிள்தான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடிக்காதீர்கள்.