லோகோவைக் கிண்டல் பண்ணா கேஸ் வருமா?

கேள்வி (எம்.சி. ரோடு, வண்ணாரப்பேட்டை): அண்ணா, பேர்போன ஷூ கம்பெனி லோகோவை லேசா மாத்தி, காமெடி வாசகத்தோட 200 டி-ஷர்ட் அடிக்கச் சொல்றாங்க. ரெண்டு எழுத்து மாத்தினா போதும்ல?

பதில்: போதாது தம்பி. அது பிரிண்டிங் பட்டறையில் உலாவும் கதை. கோர்ட் மொத்தத் தோற்றத்தைப் பார்க்கும். டிரேட்மார்க் பதிவில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; துணியும் காலணியும் ஒரே 25-ஆம் வகுப்பு. வாங்குகிறவர் குழம்ப வாய்ப்பிருந்தாலே மாட்டிக்கொள்வீர்கள். குழம்பாவிட்டாலும், பொருள் வேறென்று சொன்னாலும், 1999 வணிக முத்திரை (டிரேட்மார்க்) சட்டத்தின் 29(4)-ஆம் பிரிவு இருக்கிறது: பேர்பெற்ற முத்திரையைத் தக்க காரணமின்றி எடுத்து லாபம் பார்த்தாலோ மதிப்பைக் கெடுத்தாலோ மீறல்தான். பகடிக்கென்று தனி விலக்கு இல்லை. அந்த ‘தக்க காரணம்’தான் நமக்குள்ள ஒரே சந்து. கம்பெனியையே குத்தினால் வாதாட இடமுண்டு. லோகோவின் கவர்ச்சியை வைத்து வெறும் சிரிப்பு விற்றால் கஷ்டம்.

கழுத்து லேபிளிலும் கவரிலும் மட்டும் அதைப் போடவே போடாதீர்கள். அங்கே அது கிண்டல் இல்லை, உங்கள் பிராண்ட். ஜாக் டேனியல்ஸ் பாட்டில் மாதிரி நாய் பொம்மை செய்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-இல் பிடித்த புள்ளியும் அதுவே.

கேள்வி (எண்ணூர்): விக்கிறதுக்கு இல்ல சார். ஆத்துல சாம்பல் விடுற கம்பெனி லோகோவுல கரி வழியற மாதிரி போஸ்டர்.

பதில்: உங்கள் நிலை பலம். ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தால் ஆமைகளுக்கு ஆபத்து என்று கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, டாடா லோகோவை வைத்து ஒரு கேம் வெளியிட்டது. 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு டாடா வழக்கு. 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. அந்த உத்தரவு சென்னை கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனால் மேற்கோள் காட்டலாம். சாம்பல் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கையில் இருக்கட்டும். பொய்யென்றால் அவதூறு வழக்கு தனியாக வரும்.

கேள்வி (வியாசர்பாடி): வக்கீல் நோட்டீஸ் வந்துடுச்சு. போலீஸ் சரக்கை அள்ளிட்டுப் போவாங்களா?

பதில்: வாரண்ட் இல்லாமல் என்றால் உதவி ஆணையர் மட்டத்துக்குக் குறையாதவர் வரணும், அதற்கு முன் டிரேட்மார்க் பதிவாளரின் கருத்தும் வாங்கணும். முதலில் அந்தக் கம்பெனி லோகோவின் பதிவு உயிரோடு இருக்கிறதா, எந்த வகுப்பு என்று டிரேட்மார்க் பதிவேட்டின் இணையத் தேடலில் பாருங்கள். ‘இனி செய்யமாட்டேன்’ என்று அவர்கள் நீட்டுகிற உறுதிமொழியில் அவசரப்பட்டுக் கையெழுத்து வேண்டாம். கேவியட் (நம்மைக் கேட்காமல் தடை உத்தரவு தராதீர்கள் என்று கோர்ட்டில் முன்கூட்டியே தரும் மனு) போடுங்கள், 90 நாள் நிற்கும். கம்பெனி தன் ஊரிலேயே வழக்குப் போட முடியும் என்பதால் அங்கேயும் ஒன்று.

கேள்வி (பெரம்பூர்): கிண்டல் பேரையே ரிஜிஸ்டர் பண்ணலாமா?

பதில்: வேண்டாம். ஏற்கெனவே உள்ள முத்திரையைப் போல இருக்கிறது என்று அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவில் மறுப்பார்கள், விண்ணப்பக் கட்டணம் 4,500 ரூபாய் போகும். போதாக்குறைக்கு அதைப் பிராண்ட் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.