ரசம் போன கண்ணாடிக்கு என்னிடம் மருந்து இல்லை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கண்ணாடியில் படியும் ஒப்பனைக் கறையைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். கீழே 'ஸ்பிரிட்' என்று வரும் இடமெல்லாம் மருந்துக்கடையில் விற்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். 'சோப்புத் தண்ணீர்' என்றால் ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. இரண்டே சொட்டு. நுரை பொங்கப் பொங்கக் கலக்கிவிட்டு 'கோடு கோடாக நிற்கிறது' என்று எனக்கு எழுத வேண்டாம்.

கண்ணாடியில் கறை போகவில்லை. உடனே பதில் தேவை.

எந்தக் கண்ணாடி? முகம் பார்ப்பதும் கண்ணாடி, ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, மூக்கில் உட்கார்ந்திருப்பதும் கண்ணாடி. என்ன கறை, எத்தனை நாளானது, இதுவரை எதைப் போட்டுத் தேய்த்தீர்கள்? இதெல்லாம் இல்லாமல் 'உடனே' மட்டும் எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். மூக்குக் கண்ணாடியாக இருந்தால் சோப்புத் தண்ணீரும் விரல் நுனியும் போதும். நெயில் பாலிஷ் ரிமூவரில் வரும் அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். ஃபிரேம் மட்டுமல்ல, பல லென்ஸ்களும் இப்போது பிளாஸ்டிக்.

குழந்தை லிப்ஸ்டிக்கால் கண்ணாடி முழுக்கப் படம் வரைந்துவிட்டாள். துடைக்கத் துடைக்கப் பரவுகிறது.

பரவத்தான் செய்யும். லிப்ஸ்டிக் என்பது மெழுகும் எண்ணெயும் நிறமும். ஈரத் துணியால் தேய்த்தால் மெழுகைக் கண்ணாடிக்கு மெருகு போடுவது மாதிரி தடவிக்கொண்டே போவீர்கள். முதலில் பழைய பிளாஸ்டிக் கார்டின் ஓரத்தால் தடிமனாக இருப்பதை வழித்தெடுங்கள். அப்புறம் டிஷ்யூவில் ஸ்பிரிட்டை நனைத்து, கறையின் வெளி ஓரத்திலிருந்து உள்ளே ஓர் இழுப்பு. டிஷ்யூவை மடித்துச் சுத்தமான பக்கத்தால் அடுத்த இழுப்பு. மடிக்காமல் அதே பக்கத்தால் தேய்த்தால் எடுத்ததையே திரும்பப் பூசுகிறீர்கள். நிறம் போனதும் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, கடைசியில் உலர்ந்த துணி. கண் மை, மஸ்காரா, சன்ஸ்கிரீன் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

ஹேர்ஸ்பிரே புள்ளிகள்?

ஸ்பிரிட். அந்தப் பிசின் டப்பாவுக்குள் பெரும்பாலும் ஆல்கஹாலில் கரைந்துதான் இருக்கிறது. வெளியே வந்த பிறகும் அதில் கரையும். பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

குளியலறைக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் கறுப்புத் திட்டுகள். மஸ்காராதான் என்று நினைக்கிறேன். தினமும் கிளீனர் அடித்துத் துடைத்தும் போகவில்லை, இன்னும் பெரிதாகிறது.

தினமும் அடிப்பதால்தான் பெரிதாகிறது, அம்மா. அது மஸ்காரா இல்லை. கண்ணாடியின் ரசம் போய்க்கொண்டிருக்கிறது.

சந்தேகம் இருந்தால் பக்கவாட்டில் சாய்ந்து நின்று பாருங்கள். முன்பக்கத்தில் ஒட்டிய கறை இரண்டாகத் தெரியும்: கறை ஒன்று, கண்ணாடியின் தடிமன் அளவு தள்ளி அதன் பிம்பம் ஒன்று. பின்னால் இருக்கும் திட்டு ஒன்றாகவே தெரியும், விரலால் தடவினால் வழவழவென்று இருக்கும். இதைப் பார்க்காமல் ஒரு பாட்டில் கிளீனரைத் தீர்த்துவிட்டுத்தான் பலர் எனக்கு எழுதுகிறார்கள்.

நாம் இன்னும் 'ரசம்' என்றுதான் சொல்கிறோம். ஒரு காலத்தில் வெள்ளீயமும் பாதரசமும் சேர்த்துத்தான் பூசினார்கள். 1835-இல் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்ணாடியில் வெள்ளியைப் படியவைக்கும் வழியைக் கண்டார்; பிறகு மெல்ல மெல்லப் பாதரசம் போனது, பெயர் நின்றுவிட்டது. இன்று பின்னால் இருப்பது வெள்ளி, மேலே அதைக் காக்கும் பெயிண்ட். அந்த வெள்ளியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணாடியை வெட்டிய ஓரத்தில் பெயிண்டும் வெட்டுப்பட்டிருக்கும், வெள்ளி விளிம்பு வெளியே தெரியும். நீங்கள் நேராகக் கண்ணாடி மேல் அடித்த கிளீனர் வழிந்து இறங்கி, கீழ்ச் சட்டத்தில் கண்ணாடி உட்காரும் காடியில் தேங்கி, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கில் மேலே ஏறி வெள்ளியை அரிக்கும். அம்மோனியாவோ வினிகரோ கலந்திருந்தால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும். முப்பது வருஷமாகக் கண்ணாடி வெட்டிச் சட்டம் போடுகிறவன் நான். பழுதென்று வரும் கண்ணாடியைச் சட்டத்திலிருந்து கழற்றினால் கீழ்க் காடியில் ஈரப் பிசுக்கு; பின்பக்கப் பெயிண்டை நகத்தால் கீறினால் செதிலாக உரிந்து, அடியில் வெள்ளி இருந்த இடத்தில் கறுப்புத் தூள். மேல் ஓரம் பெரும்பாலும் புதிது மாதிரியே இருக்கும்.

அதனால் எத்தனையாவது தடவையாகவோ சொல்கிறேன்: துணியில் அடியுங்கள், கண்ணாடியில் அடிக்காதீர்கள். துடைத்து முடித்ததும் கீழ் ஓரத்தை உலர்ந்த துணியால் ஒரு தடவை ஓட்டுங்கள். போன ரசத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. அகலமான சட்டம் போட்டு மறைக்கலாம், அவ்வளவுதான். புதுக் கண்ணாடி வாங்கினால் மாட்டும் முன்பே ஓரத்தை அடைக்கச் சொல்லுங்கள். சிலிகான் என்றால் நியூட்ரல் வகை. காயும்போது வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் அசிட்டிக் அமிலத்தை விடுவது. காக்கப் பூசியதே அரித்துவிடும்.

துடைத்துப் பளபளவென்று வைத்தாலும், வெந்நீரில் குளித்து முடித்தால் போன மாதம் விரலால் வரைந்த படம் திரும்பத் தெரிகிறது!

பேய் இல்லை, எண்ணெய்ப் படலம். சுத்தமான கண்ணாடியில் நீராவி மெல்லிய ஏடாகப் படியும், பிசுக்கு உள்ள இடத்தில் குட்டிக் குட்டித் துளிகளாக நிற்கும். அந்த வித்தியாசம்தான் படம். கண்ணாடியில் மூச்சை ஊதினால் வரும் இந்த மாதிரி உருவங்களைப் பற்றி ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே பிரபு 1911-இலேயே எழுதியிருக்கிறார். உங்களுக்கு இது நல்ல சோதனையும்கூட. துடைத்து முடித்ததும் ஹா என்று ஊதிப் பாருங்கள். ஆவி ஒரே சீராகப் படிந்து ஒரே சீராக மறைந்தால் வேலை முடிந்தது. திட்டுத் திட்டாக இருந்தால் சோப்புத் தண்ணீர் இன்னொரு முறை. நாள் முழுக்க நிற்கும் ரக ஃபவுண்டேஷன்களில் சிலிகான் எண்ணெய் இருக்கும், அது ஒரு தடவையில் போகாது.

பற்பசை போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டாம். அதில் இருப்பது தேய்ப்பான் பொடி. இது எண்ணெய்க் கறை, உரசிப் பயனில்லை. பாத்திரம் தேய்க்கும் நாரும் வேண்டாம்.

கண்ணாடி டம்ளர் விளிம்பில் லிப்ஸ்டிக். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டாலும் போகவில்லை.

இயந்திரம் தண்ணீரைப் பீய்ச்சும், தேய்க்காது. உதட்டிலிருந்தே போகாத மாதிரி செய்த சாயம் டம்ளரிலிருந்து மட்டும் எளிதில் போகுமா? உள்ளே வைக்கும் முன் விளிம்பில் ஒரு சொட்டுத் திரவம் விட்டு விரலால் ஒரு சுற்று. அழுத்தமான கறைக்கு முதலில் துளி சமையல் எண்ணெய், பிறகு திரவம். குளிர்ந்த டம்ளரில் கொதிநீரை மட்டும் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

நெயில் பாலிஷ் கண்ணாடி மேசையில் கொட்டிவிட்டது. ரிமூவர் போடலாமா?

கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. சட்டத்தின் பெயிண்ட், வார்னிஷ், பிளாஸ்டிக் மூடி எல்லாவற்றுக்கும் ஆகும். பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள், ஊற்றாதீர்கள். அதற்கு முன் மேசை நிஜக் கண்ணாடியா என்று விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். தொட்டால் சில்லென்று இல்லாமல், தட்டினால் மொத்தையாகக் கேட்டால் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக். அக்ரிலிக்குக்கு அசிட்டோனும் இல்லை, ஸ்பிரிட்டும் இல்லை, அம்மோனியாவும் இல்லை. உடனே மங்கும், அல்லது பின்னால் சிலந்தி வலை மாதிரி நுண்ணிய வெடிப்பு விடும். சோப்புத் தண்ணீர் மட்டும். குழந்தைகள் அறைக் கண்ணாடிகள் பல இந்த ரகம்.

வினிகரும் ப்ளீச்சும் கலந்து அடித்தால் எந்தக் கறையும் போகும் என்கிறார்களே?

குளோரின் என்ற நச்சு வாயு வரும். அம்மோனியா உள்ள கிளீனரோடு ப்ளீச் சேர்ந்தால் குளோரமைன், அதுவும் நச்சு. ஒப்பனைக் கறைக்கு ப்ளீச் எதற்கு? எதையும் எதோடும் கலக்காதீர்கள்.

விளக்கு பொருத்திய கண்ணாடி வைத்திருக்கிறேன்.

முதலில் அணையுங்கள். பிறகு துணியில் அடியுங்கள். கண்ணாடியில் அடிக்காதீர்கள்.

எல்லாம் சொன்னபடி செய்தும் பூசினாற்போல மங்கலாக இருக்கிறது. மைக்ரோஃபைபர் துணிதான், மென்மையாக்கி போட்டுத் துவைத்து வைத்திருக்கிறேன்.

அந்த மென்மையாக்கிதான் கண்ணாடியில் ஏறியிருக்கிறது. அது இல்லாமல் துவையுங்கள். வெயில் நேராக விழும் நேரத்தில் துடைக்காதீர்கள், துணி போகும் முன்பே காய்ந்து கோடு நிற்கும்.

துடைக்க ஒரே துணி போதுமா?

போதாது. ஈரத்துக்கு ஒன்று, உலர்த்த ஒன்று.