கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பதில் உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது?

புகைபோக்கியிலிருந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் வேதிப்பொருள் வெகு காலமாகவே கைவசம் இருக்கும்போது, ஆய்வாளர்கள் இன்னும் எதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வேதிப் பொறியியல் ஆய்வாளராக இந்தப் பணியிலேயே ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கள் உழைப்பில் பெரும்பகுதி, பிடித்த வாயுவைத் திரும்ப விடுவிப்பதற்கே செலவாகிறது.

அமீன் வகைச் சேர்மங்களை (அமில வாயுக்களோடு பிணையும், நைட்ரஜன் கொண்ட சேர்மங்கள்) கொண்டு வாயுக்களைப் பிரிக்கும் முறைக்கு ராபர்ட் பாட்டம்ஸ் 1930-இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். இன்றும் புதிய கரைசல் எதையும் மோனோ எத்தனால் அமீன் என்ற எளிய அமீனின் 30 சதவீத நீர்க்கரைசலோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுகிறோம். நிலக்கரி அனல்மின் நிலையப் புகையில் 12 முதல் 15 சதவீதம் வரை கார்பன் டை ஆக்சைடு இருக்கும். எஞ்சியதில் பெரும்பங்கு நைட்ரஜன். இந்தப் புகை ஒரு கோபுரத்தில் கீழிருந்து மேலேறும்போது, மேலிருந்து வழியும் கரைசல் சுமார் 40 டிகிரி செல்சியஸில் கார்பன் டை ஆக்சைடோடு வினைபுரிந்து, வாயுவைப் பிணைத்து வைத்திருக்கும் கார்பமேட் என்ற சேர்மமாக மாறுகிறது. அந்தக் கரைசலை இன்னொரு கோபுரத்தில் சுமார் 120 டிகிரிக்குச் சூடேற்றினால் பிணைப்பு உடைந்து வாயு தனியே வெளிவரும். கரைசல் மீண்டும் முதல் கோபுரத்துக்குத் திரும்பும்.

இந்தச் சூடேற்றலில்தான் ஆற்றல் செலவின் பெரும்பகுதி குவிகிறது. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடை விடுவிக்க ஏறத்தாழ 3.5 கிகாஜூல் வெப்பம் தேவைப்படுகிறது. அதே ஒரு டன்னை வெளியிடும் அளவுக்கு நிலக்கரியை எரித்தால் கிடைக்கும் வெப்பமே சுமார் 10.5 கிகாஜூல்தான். விசையாழியில் பாதி வேலையை முடித்துவிட்ட குறைந்த அழுத்த நீராவியை இதற்குப் பயன்படுத்துவதால் மின்னிழப்பு அந்த விகிதத்துக்கு ஏறாது என்றாலும், எந்த மின் நிலையமும் எளிதில் ஏற்கக்கூடிய இழப்பு அன்று. கரைசலில் 70 சதவீதம் தண்ணீர் என்பதையும், ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தண்ணீரையும் சேர்த்தே சூடாக்கிக் குளிர்விக்கிறோம் என்பதையும் நினைத்துப் பார்த்தால், தண்ணீர் குறைந்த கரைசல்களின் மேல் எங்களுக்கு ஏன் இத்தனை ஆர்வம் என்பது விளங்கும்.

ஆய்வகத்தில் என் அன்றாட வேலை, கரைசல் எவ்வளவு வாயுவைச் சுமந்திருக்கிறது என்று அளப்பது. சில மில்லிலிட்டர் மாதிரியைக் குடுவையில் எடுத்து, மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியை விட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்துக்கொண்டே போனால், கரைசல் நுரைத்து, அடைபட்டிருந்த வாயு வெளியேறி, அளவுக் குழாயிலுள்ள திரவத்தைக் கீழே தள்ளும். மஞ்சள் சிவப்பாக மாறி நிலைக்கும்போது அளவைக் குறித்துக்கொள்வோம்.

ஒருமுறை எங்கள் சோதனைச் சாதனத்தில் இந்த அளவு வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வந்தது. அளவிடும் முறையில்தான் பிழை என்று நம்பி, எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தோம். இதற்கிடையே நிறமற்றிருந்த கரைசல் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களுக்கு நடுவே யாரோ மாட்டியிருந்த ஒரு சாதாரண எஃகு இணைப்பு அரிக்கப்பட்டு, அதிலிருந்து கரைந்த இரும்பு, புகையிலுள்ள ஆக்சிஜன் அமீனைச் சிதைப்பதை விரைவுபடுத்தியிருக்கிறது. கைவிரல் நீளம்கூட இல்லாத ஓர் இணைப்பு! புதிய கரைசலை முன்மொழியும் கட்டுரைகளில் முதல் நாள் உறிஞ்சும் திறனைவிட, ஆயிரம் மணி நேரத்துக்குப் பின் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதை நான் முதலில் தேடிப் படிப்பது அதற்குப் பிறகுதான்.

திண்ம உறிஞ்சிகளிலும் இதே கேள்வி எழுகிறது. இவ்வகையில் பெரிதும் பேசப்படுபவை உலோக-கரிமச் சட்டகங்கள், அதாவது உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் இணைத்து உருவாகும் நுண்துளைத் திண்மங்கள். அவற்றை உருவாக்கியதற்காக 2025-இல் சுசுமு கிடகவா, ரிச்சர்ட் ராப்சன், ஓமர் யாகி ஆகியோர் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். அவற்றுள் பல ஈரப்பதத்தில் திறன் குன்றிவிடும், ஆலைப் புகையோ எப்போதும் ஈரமானது.

மின்சாரத்துக்குச் சூரிய ஒளியும் காற்றும் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். மின்சாரத்தைப் பொறுத்தவரை அது நியாயமான வாதம். சிமென்ட் ஆலையிலோ எரிபொருளை அறவே மாற்றினாலும், சுண்ணாம்புக்கல் சிதையும்போது அந்தக் கல்லிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. அந்த ஆலையின் மொத்த உமிழ்வில் பாதிக்கு மேல் இதுவே. நான் இப்போது சோதித்துவரும் கரைசல் அத்தகைய சூளைப் புகைக்கானது.