ஹாலில் ஓசை கேட்காத கம்ப்யூட்டர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அலுவலகத்தில் கழித்துவிட்ட ஒரு டெஸ்க்டாப்பை அண்ணன் கொடுத்தார். அதை ஹாலில் டிவியோடு இணைத்துப் படம் பார்க்கிறோம். படம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்தால், வசனத்தைவிடக் கம்ப்யூட்டரின் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கிறது. ஃபேனே இல்லாத கம்ப்யூட்டர் ஒன்று கட்டிக்கொள்ளலாமா, இல்லை இதையே சரிசெய்ய முடியுமா?

பதில்: என் அப்பா கடைசி மூன்று வருடம் ஹாலில்தான் படுத்திருந்தார். தூக்கம் வராத ராத்திரிகளில் பழைய படம் ஏதாவது போட்டுக் கொடுப்பேன். கம்ப்யூட்டர் இரைந்தால் அவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். கூட்டினால் உள்ளறையில் அம்மா விழித்துக்கொள்வார். ஒரு சின்ன ஃபேன் இரண்டு பேரின் தூக்கத்தைக் கெடுத்தது. அதனால் உங்கள் கேள்வியின் அருமை எனக்குத் தெரியும்.

முதலில் இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். கருவி எதுவும் வேண்டாம். ஒரு செய்தித்தாளைக் குழல் மாதிரி சுருட்டிக்கொள்ளுங்கள். வீடு அடங்கியதும் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, குழலின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். உள்ளே எதிலும் பட வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை (உள்ளே இருக்கும் பாகங்களுக்கு மின்சாரம் தருவது) எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிராசஸர் மேலிருக்கும் ஃபேன், எஸ்எம்பிஎஸ் ஃபேன், ஹார்ட் டிஸ்க், இந்த மூன்றில் எது என்று இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

அப்புறம் சூடு. ஃபேன் வேகமெடுப்பது உள்ளே சூடு ஏறுவதால்தான். சூட்டைக் குறைக்காமல் சத்தத்தை மட்டும் அடக்கப் பார்ப்பவர்கள் பெட்டிக்குள் பஞ்சுப்பட்டை ஒட்டுவார்கள். காற்று அடைபட்டு ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும். படம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசஸர் 60, 70 சதவீதம் உழைக்கிறது என்றால், சுருக்கி வைத்திருக்கும் படக் கோப்பை அது தன் உடல்பலத்தால் பிரிக்கிறது என்று அர்த்தம். படத்தைப் பிரிப்பதற்கென்றே உள்ளே தனிச் சர்க்யூட் இருக்கிறது. வேலை அதன் கைக்குப் போய்விட்டால் பிராசஸருக்குச் சில சதவீத வேலைதான் மிஞ்சும். ஹெச்இவிசி, ஏவி1 என்பவை படத்தைச் சுருக்கும் முறைகள். இன்டெல் பிராசஸர்களில் 10 பிட் (நிறச் சாயல்கள் கூடுதலான) ஹெச்இவிசி படங்களுக்கு 7-ஆம் தலைமுறையிலிருந்தும், ஏவி1 படங்களுக்கு 11-ஆம் தலைமுறையிலிருந்தும் அந்த வசதி உண்டு. சர்க்யூட் இருந்தும் பிளேயரில் 'ஹார்டுவேர் டிகோடிங்' அணைந்து கிடப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதை ஆன் செய்ததுமே ஃபேன் மூச்சை அடக்கிக்கொண்ட வீடுகளும் உண்டு.

ஃபேன் மாற்ற வேண்டியிருந்தால் ஒரு கணக்கை மனதில் வையுங்கள். ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஓசையோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதியாகத்தான் கேட்கும். நிமிடத்துக்கு 1200 சுற்று ஓடும் ஒரு ஃபேனுக்குப் பதிலாக, அதே ரகத்தில் இரண்டை 600 சுற்றில் ஓடவிட்டால், இரண்டாவது ஃபேன் 3 டெசிபலைக் கூட்டினாலும் மொத்தத்தில் 12 டெசிபல் லாபம். காற்று கிட்டத்தட்ட அதேதான். இடம் இருந்தால் 120 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன் வாங்குங்கள், போர்டே வேகத்தைக் கட்டுப்படுத்தும்படி நான்கு கம்பி உள்ளதாக. பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் செட்டிங் பக்கம்) போய், பிராசஸர் சூடு 60 டிகிரி வரை ஃபேன் வேகம் ஒரே மாதிரி இருக்கும்படி வைத்துவிடுங்கள். சீராக வரும் மெல்லிய ஓசையைக் காது பத்து நிமிடத்தில் மறந்துவிடும். ஏறி இறங்கும் ஓசையை மறக்கவே மறக்காது.

இத்தனையும் செய்து பார்த்தும் சரிவரவில்லை என்றால் புதிதாகக் கட்டுங்கள். 2023-ல் வந்த இன்டெல் என்100 படம் பார்க்க மட்டும் என்றால் தாராளமாகப் போதும். நான்கு கோர், அறிவித்த அளவு 6 வாட் (பல போர்டுகள் இதைவிடக் கூடுதலாக இழுக்கவிடும்), ஏவி1 வரை தானே பிரித்துவிடும். இப்படிப்பட்ட பிராசஸரை ஃபேன் இல்லாமல் குளிர்விக்க முடியும். அந்த வகைக் கேபினெட்டில் வெளிச்சுவரே ஹீட்சிங்க், அதாவது சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகம். தொட்டால் நன்றாகச் சுடும்; உள்ளே இருக்க வேண்டிய சூடு வெளியே வந்துவிட்டது என்று நிம்மதியாக இருங்கள்.

அதைக் கொண்டுபோய் மூடிய அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். நான் வைத்தேன். கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரி, பார்க்க அழகாக இருந்தது. முக்கால் மணி நேரத்தில் படம் திக்க ஆரம்பித்தது. கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடித்தது. சூடு எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. ஃபேன் இல்லாத பெட்டிக்கு, சூடான காற்று தானாக மேலே எழும்புவது ஒன்றுதான் துணை. மேலே ஒரு சாண் இடமும் முதுகுப்பக்கம் திறப்பும் கட்டாயம்.

என் வீட்டில் இன்று இருப்பது ஃபேன் இல்லாத பெட்டி அல்ல. ஒரே ஒரு 140 மில்லிமீட்டர் ஃபேன், 450 சுற்றில் ஓடுகிறது. நான் உட்காரும் இடத்தில் அது இருப்பதே தெரியாது. பாகங்களும் குளிர்ச்சியாக இருக்கின்றன. வெயில் காலத்தை நினைத்தால், முழுக்க ஃபேன் இல்லாததைவிட இதுவே எனக்குத் தைரியமாக இருக்கிறது.

கேள்வி: ஃபேனை எல்லாம் மாற்றியாகிவிட்டது. இப்போது ஹார்ட் டிஸ்க் 'கர்... கர்...' என்கிறது. அதோடு அடியில் ஒரு ரீங்காரம். சேர்த்து வைத்த படங்கள் நிறைய இருப்பதால் சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாற வழியில்லை. என்ன செய்ய?

பதில்: இரண்டும் வேறு வேறு ஓசை. கர் கர் என்பது தட்டைப் படிக்கும் தலை நகரும் ஓசை. ரீங்காரம் தட்டு சுற்றுவதால் வரும் அதிர்வு. 7200 சுற்று டிஸ்க் என்றால் நொடிக்கு 120 முறை, 5400 சுற்று என்றால் 90 முறை. டிஸ்க் தனியாகப் போடும் சத்தம் கொஞ்சம்தான். அது கேபினெட்டுக்கு, கேபினெட்டிலிருந்து மரப் பலகைக்கு என்று இறங்கும்போது பலகை முழுவதும் தம்புராவின் குடம் மாதிரி அதிர்கிறது. கேபினெட்டை இரண்டு கையாலும் ஓர் அங்குலம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ரீங்காரம் சட்டென்று அடங்கினால் குற்றவாளி பலகைதான். திருகுகளுக்கு ரப்பர் வளையம் போடுங்கள். நான் ஒருமுறை தையலுக்கு வாங்கும் அகல எலாஸ்டிக்கை இரண்டு சுற்றாகக் கட்டி டிஸ்க்கை அதில் தொட்டில் மாதிரி கிடத்தினேன். நான்கு வருடம் அப்படியே ஓடியது. கேபினெட்டை நகர்த்தும்போது மட்டும் கவனம் வேண்டும், ஓடும்போது ஆடக் கூடாது.

இதைவிட நல்ல வழி, டிஸ்க்கை ஹாலைவிட்டே வெளியேற்றுவது. அதை வேறு அறையில் ஒரு நாஸ் பெட்டியில் (டிஸ்க்கை நெட்வொர்க் வழியே பகிரும் பெட்டி) போட்டு, நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். 4கே ப்ளூரே தட்டு அதிகபட்சம் நொடிக்கு 150 மெகாபிட்டுக்குள்தான். நொடிக்கு 1000 மெகாபிட் போகும் கிகாபிட் கேபிளில் அது ஓர் ஓரமாகப் போய்விடும். ஹாலில் இருக்கும் பெட்டிக்கு, சிஸ்டத்துக்காக ஒரு சின்ன எஸ்எஸ்டி போதும்.

கேள்வி: ஃபேனும் இல்லை, ஹார்ட் டிஸ்க்கும் இல்லை. ஆனாலும் 'கீ...' என்று ஒரு மெல்லிய சத்தம் வருவதாக என் மகள் சொல்கிறாள். எனக்குக் கேட்கவே இல்லை. அவளுடைய பிரமையா?

பதில்: பிரமை இல்லை, அவள் சொல்வதை நம்புங்கள். வயது ஏற ஏற உச்ச ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் காதைவிட்டுப் போகின்றன. போர்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் உள்ள காயில்கள் (கம்பிச் சுருள்கள்) மின்சாரம் ஏறி இறங்கும்போது அதிர்கின்றன. 'காயில் வைன்' என்பார்கள். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், மெனு திரை தேவையில்லாமல் நொடிக்கு நூற்றுக்கணக்கான ஃப்ரேம் வரையும்போது இது அதிகமாகும். விசிங்க் (டிவி காட்டும் வேகத்துக்கு மேல் வரையவிடாத வசதி) ஆன் செய்து, சத்தம் மாறுகிறதா என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். மாறவில்லை என்றால் வேறு எஸ்எம்பிஎஸ் அல்லது அடாப்டர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். காயில் கெட்டுப்போகவில்லை, ஆபத்தும் இல்லை. ஆனால் தினமும் அந்த ஹாலில் உட்காரப்போவது அவள்.

கேள்வி: படம் பார்க்க கோடி (Kodi) என்ற மென்பொருளைப் போட்டிருக்கிறேன். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் படம் லேசாக வெட்டுகிறது. பிராசஸர் போதவில்லையா?

பதில்: பிராசஸர் மேல் பழி போடாதீர்கள். படம் நொடிக்கு 24 ஃப்ரேம், டிவி 60 முறை புதுப்பிக்கிறது. 60 இருபத்து நான்கால் சரியாக வகுபடாததால் ஒரு ஃப்ரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படுகிறது. அந்த நொண்டலைத்தான் பார்க்கிறீர்கள். கோடியின் பிளேயர் செட்டிங்கில் படத்துக்கேற்ப டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் வசதி இருக்கிறது, ஆன் செய்யுங்கள். இன்னொன்று: பெரும்பாலான படங்களின் உண்மையான வேகம் 23.976. டிவியை நேர் 24-ல் வைத்தால் ஏறக்குறைய 42 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃப்ரேம் இடறும். பட்டியலில் 23.976 இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: வயதான மாமியாருக்குக் கீபோர்டும் மவுஸும் சரிப்படாது. டிவி ரிமோட்டிலேயே எல்லாம் செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியே ரிமோட் கட்டளையைக் கடத்தும் முறைக்கு சிஇசி என்று பெயர். ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில் அது இருக்கிறது. சாதாரணக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இருக்காது. யுஎஸ்பி இன்ஃப்ராரெட் ரிசீவர் ஒன்று வாங்கி, டிவி ரிமோட்டில் பயன்படாத நான்கைந்து பட்டன்களை அதற்குக் கற்றுக்கொடுங்கள். மேல், கீழ், ஓகே, பின்னால், நிறுத்து, இவ்வளவு போதும். பட்டன்கள் மேல் சின்னதாக வண்ண ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஓகே பட்டனுக்குச் சிவப்பு. இருட்டில் தடவிப் பார்த்தாலே தெரியும்படி இரண்டு அடுக்காக ஒட்டியிருக்கிறோம்.